கோடு போடாத வரிகள்

புத்தகம் படித்தால் மனிதன் பண்பட்டுவிடுவான் என்று யாராவது சொன்னால், சொல்கிறவரைக் கூட்டிக்கொண்டு போய் மேற்கோள் வீட்டில் ஒரு வாரம் குடிவைக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதையே சொன்னால் ஒத்துக்கொள்ளலாம்.

மேற்கோள் என்பது அந்தத் தெரு அவருக்கு வைத்த பெயர். குடிநீர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்லப் போனவர்களிடம், பொறுமையைப் பற்றி ஓர் அறிஞர் என்ன சொன்னார் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். தண்ணீர் வந்ததோ இல்லையோ, போனவர்களுக்கு வாயடைத்துப் போகும். கல்யாண வீடு, சாவு வீடு, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எங்கே போனாலும் அவர் வாய் வழியாக யாரோ ஒரு பெரியவர் பேசுவார். அவராக ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அவரைப் புகழ ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம். இது அவர் மனைவியின் கதை.

கல்யாணமாகி வந்த அன்றைக்கே அவர் அவளிடம் கேட்டார், என்ன படித்திருக்கிறாய் என்று. பத்தாவது என்றாள். அவர் சிரித்துவிட்டு, தான் கேட்டது பள்ளிக்கூடத்தை அல்ல, புத்தகத்தை என்றார். அவள் வெள்ளந்தியாக, வாரப் பத்திரிகையில் வந்த இரண்டு தொடர்கதைகளைச் சொன்னாள். அவ்வளவுதான். அந்த இரண்டு தொடர்கதைகளையும் அவர் தம் சிநேகிதர்களிடம் பல வருஷங்கள் சொல்லிச் சிரித்தார். அவள் காபி கொண்டுவந்து வைக்கும்போதே சொல்வார். சிநேகிதர்களும் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள், வேறென்ன செய்வது.

வீட்டில் இரண்டு அறை, ஒரு அடுப்படி. முன்னறையின் மூன்று சுவரிலும் புத்தகம். இடம் போதாமல் நடையிலும் ஏறி, கடைசியில் குளியலறைக் கதவுக்கு மேலேயும் ஒரு பலகை அடித்தாயிற்று. மகள் பிறந்தபோது தொட்டில் கட்ட இடம் தேட வேண்டியிருந்தது. மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து, அந்துருண்டை மாற்றி, ஏற்றி வைப்பது அவள் வேலை. ஈரக் கையோடு தொடக்கூடாது, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும், முதுகைப் பிடித்து இழுக்கக்கூடாது என்று ஆயிரம் சட்டம். எது கனமானது, எதன் அட்டை கழன்றுவிடும், எதில் பூச்சி அரித்திருக்கிறது என்றெல்லாம் அவளுக்கு அத்துப்படி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியாது.

இதில் அவள் தையல் வேலை வேறு பார்த்தாள். கடையிலிருந்து பள்ளிக்கூடச் சீருடைத் துணியை வெட்டிக் கொண்டுவந்து போடுவார்கள். காலர் வைப்பாள், பாக்கெட் வைப்பாள், திருப்பிக் கொடுப்பாள். கால் மிதிக்கிற மிஷின். அதன் சத்தம் தமது சிந்தனையைக் கெடுக்கிறது என்று மேற்கோள் அதைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டார்.

மகளுக்கு மூன்று வயதில் ஒருநாள் சாயங்காலம் காய்ச்சல் ஏறி உடம்பு வெட்டி இழுத்தது. அவர் அந்நேரம் ஒரு மன்றத்தில் குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். எல்லாம் அடங்கி, பிள்ளை ஊசி போட்ட கையோடு தூங்கும்போது அவர் வந்து சேர்ந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, குழந்தையின் நோய் என்பது தாய்க்கு வைக்கிற பரீட்சை என்று யாரோ சொன்னதைச் சொன்னார். அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்துக்கு ஒரு தீக்குச்சி கிடைத்திருந்தால் முன்னறை மொத்தமும் சாம்பலாகியிருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்படியே மகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவரும் ஓய்வு பெற்றார். இனி உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான் பாக்கி என்று சாய்வு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டார். அப்போதுதான் கண் மோசம் செய்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, சொட்டு மருந்தை ஒருநாளும் விடக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். மருத்துவர்களைக் கிண்டல் செய்து ஓர் அறிஞர் எழுதிய வரி இவரிடம் தயாராக இருந்தது. அதைச் சொல்லிவிட்டு மருந்தை மறந்தார். இவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து நின்றால், அத்தியாயம் முடியட்டும் என்பார். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்து, ஒருநாள் நடுவிலும் இருட்டிவிட்டது.

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து, பக்கம் புரட்டுகிற பழக்கத்தில் வெறும் விரலை நகர்த்திக்கொண்டிருந்தவரைப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மகள் ஒரு செல்போன் கொண்டுவந்து கொடுத்தாள். புத்தகத்தைப் படம் பிடித்துக் காட்டினால் அது ஒரு பெண் குரலில் படிக்கும். அரைமணி நேரம் கேட்டார். இதற்கு எது முக்கியம் என்றே தெரியவில்லையே, எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஒப்பிக்கிறதே என்று சலித்துக்கொண்டு அணைக்கச் சொன்னார். பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"நீ படி. முழுசும் வேண்டாம். எல்லாம் நான் படிச்சதுதான். சிவப்புப் பென்சில்ல கோடு போட்டிருப்பேன், அதை மட்டும் படி."

அன்று முதல் அதுவே அவள் உத்தியோகம். காலையில் சாப்பாடு முடிந்ததும் முக்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்காருவாள். எந்தப் பலகையில் எத்தனையாவது புத்தகம் என்று அவர் சொல்வார், அவள் எடுப்பாள். சிவப்புக் கோட்டைத் தேடிப் புரட்டுவாள், படிப்பாள், அடுத்த கோட்டுக்குத் தாவுவாள். சேற்றில் கல்லுக்குக் கல் கால் வைத்துப் போகிற மாதிரி. குரலில் உணர்ச்சி ஏறினால் அவருக்குப் பிடிக்காது, உன் அபிப்பிராயத்தை அதில் கலக்காதே என்பார். அதனால் ரயில் வருகை சொல்கிற குரலில் படிக்கப் பழகினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அந்த வரியை அவளுக்கு முந்திக்கொண்டு வாயை அசைப்பார். சாயங்காலம் யாராவது வந்தால் காலையில் கேட்டதை அவிழ்த்து விடுவார். வந்தவர்கள், கண் போனால் என்ன, ஐயாவுக்கு எல்லாம் மனப்பாடம் என்று மூக்கில் விரல் வைப்பார்கள்.

இப்படி இரண்டு வருஷம் ஓடிற்று. நூற்றுக்கணக்கான புத்தகங்களிலிருந்து உபதேசம் உபதேசமாகப் பிடுங்கிப் படித்தாள். ஒன்றும் அவளுக்குள் இறங்கவில்லை. பிறகு ஒருநாள் காலையில், துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றிய மூன்று பாகம் கொண்ட ஒரு பெரிய நாவலில், முதல் பாகத்தில் ஒரு சிவப்பு வரி வந்தது: 'ஆகவே, பயம் என்பது நமக்கு நாமே கட்டிக்கொண்ட வீடு.'

அவர் தலையை ஆட்டினார். அவள் அடுத்த கோட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் மத்தியானம் பாத்திரம் தேய்க்கும்போது அந்த 'ஆகவே' அவளைப் பிடித்துக்கொண்டது. ஆகவே என்றால் எதனால் ஆகவே? அதற்கு முன்னால் ஏதோ ஒரு சங்கதி நடந்திருக்க வேண்டுமே. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், அந்தப் புத்தகத்தை எடுத்து, சிவப்புக் கோட்டுக்கு மேலே படித்தாள். மேலே கதாநாயகன் பேசிக்கொண்டிருந்தான். அதற்கும் மேலே போனால் அவன் வீடு மழையில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவனுடைய அக்கா ஒழுகுகிற இடமெல்லாம் பாத்திரம் வைத்துவிட்டு, பாத்திரம் தீர்ந்துபோய், கடைசி ஒழுக்கலுக்குக் கீழே தானே போய் உட்கார்ந்துகொண்டாள், தம்பி படுத்திருந்த பாய் நனையாமல் இருப்பதற்காக. இவள் அதற்கும் மேலே என்ன என்று பார்த்துப் பார்த்து, முதல் பக்கத்துக்கே போய்ச் சேர்ந்தாள்.

பிறகு விடுவாளா? தினமும் மத்தியானம் புத்தகம் பின்னறைக்கு வந்துவிடும். மிஷின் மேஜையில் துணிக்குவியலில் சாய்த்து வைத்துக்கொண்டு படிப்பாள். முன்னறையில் அவர் இருமினாலோ புரண்டாலோ காலை மிதிப்பாள். மிஷின் கடகடவென்று ஓடும், ஊசிக்குக் கீழே துணி இருக்காது. வேலை நடக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்வார். விட்ட இடத்துக்கு அடையாளமாகக் கீழே கிடக்கிற நூல் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைப்பாள். பிடித்துப்போன இடத்திலும் ஒரு நூல். சிவப்புப் பென்சிலைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை.

ஒளித்துப் படிக்க இது என்ன திருட்டா என்று கேட்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவர் உட்கார வைத்துப் பரீட்சை வைப்பார். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று சொல்லிக் கொடுப்பார். இரண்டு தொடர்கதை போய் மூன்றாவதாக இது சிநேகிதர்களுக்குச் சிரிப்புக் கதையாகும். வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு தட்டில் சோறு விழுந்திருக்கிறது, அதில் இன்னொருவர் கைவிட்டுப் பிசைவதை அவள் விரும்பவில்லை.

மகளிடம் மட்டும் போனில் சொன்னாள். அந்த அக்கா இப்படிச் செய்தாள், அப்படிச் செய்தாள், அந்தத் தம்பிக்குப் புத்தியே இல்லை என்று பக்கத்து வீட்டுச் சங்கதி போலப் பேசினாள். மகள் ஆச்சரியப்பட்டு, அம்மா நீயா இதெல்லாம் படிக்கிறாய் என்றாள். சந்தோஷமாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. பெற்ற மகளுக்கே நீயா என்றுதானே கேட்கத் தோன்றுகிறது.

ஒரேயொரு தடவை வாய் தவறிவிட்டது. தவறியதா, வேண்டுமென்றே விட்டாளா என்பது அவளுக்கே தெரியாது. காலையில் சிவப்பு வரிகளுக்கு நடுவே கோடு போடாத ஒரு வரியையும் படித்துவிட்டாள். மேடைக்குப் போகிற தம்பியின் செருப்பு வாரை அக்கா பல்லால் கடித்து முடிச்சுப் போட்டதைச் சொல்கிற வரி.

"நிறுத்து," என்றார் அவர். "அது நான் கோடு போட்டதில்லை."

நன்றாக இருந்தது, அதனால் படித்தேன் என்றாள். நன்றாக இருப்பதற்கும் முக்கியமாக இருப்பதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றார் அவர். வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த கோட்டுக்குத் தாவினாள். ஆனால் அன்றிலிருந்து ஒன்று பிடிபட்டது. அவள் நூல் வைத்த ஓர் இடத்திலும் அவர் கோடு இல்லை. அவர் கோடு போட்டதெல்லாம் தம்பி மேடையில் பேசுவது. அக்கா வருகிற பக்கங்கள் ஒவ்வொன்றும் அச்சகத்திலிருந்து வந்த வெள்ளையோடு அப்படியே கிடந்தன.

இரண்டாம் பாகம் முடிகிற இடத்தில் அந்த அக்கா, வீட்டைப் பூட்டிச் சாவியை ஜன்னல் வழியாக உள்ளே எறிந்துவிட்டு எங்கோ நடக்கத் தொடங்கினாள். எங்கே போகிறாள் என்று தெரியாது. இவள் அடுத்த நாளே மூன்றாம் பாகத்தை எடுத்திருப்பாள். அன்றைக்குத்தான் நூலகர் வந்து சேர்ந்தார்.

ஊர்ப் பொது நூலகத்துக்குப் புதிய மாடி கட்டியிருந்தார்கள். நூலகர் இளைஞர், மேற்கோளின் பேச்சைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். ஐயாவின் புத்தகங்களைக் கொடுத்தால் ஓர் அறைக்கு ஐயாவின் பெயரையே வைத்து, படமும் மாட்டிவிடலாம் என்றார். மேற்கோளின் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை, மகள் பிறந்தபோதுகூட. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் எப்படி இருக்கும்? அன்று சாயங்காலம், எதையும் கேட்டுப் பழகாத வாயைத் திறந்து அவள் கேட்டாள்.

"மூணாம் பாகம் மட்டும் இங்க இருக்கட்டுங்க."

"எதோட மூணாம் பாகம்?"

"அந்தத் துறைமுகக் கதை. இன்னும் முடிக்கல."

"யார் முடிக்கல?"

"நான்தான்."

அவர் முகம் அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது. பிறகு சிரித்தார். கேலியாகக்கூட இல்லை, குழந்தை ஒன்று பெரியவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. அது அவளுக்குக் கேலியைவிட அதிகமாகச் சுட்டது.

"இதுக்குப் போய் புத்தகம் எதுக்கு, நான் சொல்றேன். கடைசில வேலைநிறுத்தம் ஜெயிக்குது. அவன் ஜெயிலுக்குப் போறான்."

"அக்கா?"

"எந்த அக்கா?"

இரண்டு தடவை அந்த நாவலைப் படித்தவர், அதைப் பற்றி எத்தனை மேடையில் பேசியவர். அவர் மேற்கொண்டு விளக்கினார். மூன்று பாகமும் சேர்ந்தால்தான் தொகுப்பு, நடுப்பல் போன வாய் மாதிரி ஒன்றைக் குறைத்துக் கொடுத்தால் நாளைக்கு யார் மதிப்பார்கள், அவ்வளவு ஆசை என்றால் நூலகத்துக்குப் போய்ப் படித்துக்கொள் என்றார். சரி, அதுவும் நியாயம்தானே என்று அவளும் நினைத்தாள். மறுநாள் அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்த நூலகரிடம் விசாரித்தாள். அவர் பெருமையாகச் சொன்னார், ஐயா புத்தகங்களைக் கண்டவர்களும் புரட்ட விடமாட்டோம், கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவோம், ஆராய்ச்சி செய்கிறவர்கள் வந்தால் மட்டும் எடுத்துக் கொடுப்போம் என்று.

வண்டி வருவதற்குள் படித்துவிடலாம் என்று பார்த்தால் அவர் விட்டால்தானே. விழாவில் பேசுவதற்காக அந்தப் புத்தகம், இந்தப் புத்தகம் என்று காலையும் மாலையும் கோடு கோடாகப் படிக்கச் சொன்னார். மிஷினில் உட்காரவே நேரமில்லை. கடைசியில் ஒரு காரியம் செய்தாள். மூன்றாம் பாகத்தை எடுத்துச் சீருடைத் துணிக்குவியலின் அடியில் வைத்துவிட்டாள். கட்டுகிற அன்று அவர் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு பலகையாக விரலை ஓட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. இங்கே ஒன்று குறைகிறதே என்றார். நூலகரும் ஆட்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தூசி தட்ட எடுத்தேன் என்று சொல்லி, பின்னறைக்குப் போய்த் துணியை விலக்கி எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். இத்தனை வருஷம் வாழ்ந்த சொந்த வீட்டில் திருடியைப் போல நின்றாள்.

ஆட்கள் பெட்டியில் போடுவதற்கு முன் ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறினார்கள். துறைமுக நாவலின் முதலிரண்டு பாகங்களிலிருந்து நூல் நூலாகக் கொட்டியது. நீலம், வெள்ளை, காக்கி. நூலகர் சிரித்துக்கொண்டே, என்னம்மா, உள்ளே குருவி கூடு கட்டியிருக்கிறதா என்றார். அவளும் சிரித்தாள். வண்டி போனபின் விளக்குமாறு எடுத்து எல்லாவற்றையும் கூட்டி அள்ளினாள்.

விழாவுக்கு நல்ல கூட்டம். மகள் வந்திருந்தாள். மேடையில் மேற்கோள் வெள்ளைச் சட்டையில், கறுப்புக் கண்ணாடியில் கம்பீரமாக இருந்தார். பேச்சு அருவி மாதிரி கொட்டியது, அவள் தொண்டை வறளப் படித்துக் கொடுத்த வரிகள் ஒன்றுவிடாமல் வந்தன. கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"படிக்கிற கண்கள் எனக்குப் போய்விட்டன. என் வீட்டில் படிக்கிறவர் வேறு யாரும் இல்லை. அதனால் என் பிள்ளைகளை உங்களிடம் ஒப்படைக்கிறேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் மகள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

நூலகர் எழுந்து, ஐயாவுக்குப் பிடித்த பகுதி ஒன்றை யாராவது வாசித்தால் நன்றாக இருக்கும் என்றார். மேற்கோள் யோசிக்கவே இல்லை. துறைமுக நாவல், இரண்டாம் பாகம், பொதுக்கூட்டப் பேச்சு என்றார். என் மனைவி படிப்பார், கோடு போட்ட இடம் அவருக்குத் தெரியும் என்றார். கண்ணாடி அலமாரியைத் திறந்து புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்கள்.

மைக்குக்கு முன்னால் நின்று புரட்டினாள். பொதுக்கூட்டப் பேச்சு வந்தது, பக்கம் பூராவும் சிவப்பு. அவள் அதற்கு முந்தின பக்கத்துக்குத் திருப்பினாள். வெள்ளைப் பக்கம். படித்தாள். ரயில் அறிவிப்புக் குரலில் அல்ல, பின்னறையில் தனக்குத்தானே படித்துக்கொள்கிற குரலில்.

'தம்பியின் சட்டையைத் துவைத்து அலசி உதறியபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. நாளைக்கு இதை ஊரே பார்க்கும். யார் துவைத்தது என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டாம். ஆனால் ஒருநாளாவது, தன்னுடைய துணி ஒன்றை இத்தனை கவனமாகத் துவைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. சுற்றிலும் தேடினாள். தன்னுடையது என்று இருந்த ஒரே துணி அவள் உடம்பில் இருந்தது.'

முதல் வரியிலேயே மேற்கோளின் தலை நிமிர்ந்ததைக் கூட்டமே பார்த்திருக்கும். அவள் நிறுத்தவில்லை. முடித்ததும் பின்வரிசையில் யாரோ தட்ட ஆரம்பித்து, மண்டபம் முழுவதும் தட்டியது. இரண்டு மூன்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

நூலகர் மைக்கைப் பிடித்தார். "எவ்வளவு பெரிய போராட்ட நாவல்! அதில் ஐயாவின் கண் எங்கே போய் நின்றிருக்கிறது பாருங்கள். இதற்குப் பெயர்தான் வாசிப்பு," என்றார். கைதட்டல் இன்னும் உயர்ந்து, அவளை விட்டு அவர் பக்கம் திரும்பியது.

அவள் புத்தகத்தோடு நின்றுகொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை, அது நான் கோடு போட்டதில்லை என்று அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தையை இப்போது சொன்னால் போதும். சொல்வார் என்றுதான் நின்றாள். மேற்கோள் கொஞ்சம் தயங்கினார், பிறகு இரண்டு கையையும் உயர்த்திக் கைதட்டலை வாங்கிக்கொண்டார். நூலகர் வந்து புத்தகத்தை அவள் கையிலிருந்து எடுத்துப்போய் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மகள் அங்கிருந்தே ஊருக்குப் போய்விட்டாள். இவர்கள் இரண்டு பேரும் வாடகைக் காரில் திரும்பினார்கள். பாதி வழியில் அவர், நல்ல பத்தி, அதற்கு எந்த வயதில் கோடு போட்டேன் என்றே நினைவில்லை என்றார்.

"அங்க கோடு இல்லைங்க."

"இருக்கும். பென்சில் மங்கியிருக்கும், உன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது."

அவர் பார்வை போனதிலிருந்து கண் என்கிற சொல்லையே அவள் அவர் எதிரில் விட்டதில்லை. டிவி பார்க்கலாமா என்றுகூடக் கேட்கமாட்டாள், போடட்டுமா என்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் மறந்துபோய் ஏதாவது சொல்லிவிட்டால் பேச்சை மாற்றுவாள். அப்படிக் காத்தவள்தான் இப்போது வாயைத் திறந்தாள்.

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. நீங்கதான் அந்தப் பக்கத்தைப் பார்க்காம தாண்டிப் போயிருக்கீங்க, கண்ணு இருந்தப்பவே."

டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். மேற்கோளிடம் அதற்குப் பதிலாகச் சொல்ல யாருடைய வரியும் இல்லை. அவளுக்கு வயிறு குளிர்ந்திருக்க வேண்டும், குளிரவில்லை. நாக்கில் கசப்புத்தான் இருந்தது. எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று டிரைவர் கேட்டார், சொன்னாள்.

வீட்டு வாசலில் கையைப் பிடித்து இறக்கினாள். பிடிக்காமல் என்ன செய்வாள். முன்னறை காலியாக இருந்தது. சுவரில் புத்தகம் மறைத்திருந்த இடமெல்லாம் பட்டை பட்டையாக வெளுத்துக் கிடந்தது, செருப்புச் சத்தம்கூட எதிரொலித்தது. அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பியவளை அவர் கூப்பிட்டார். அவள் அதுவரை கேட்டிராத, சின்னக் குரல்.

"அந்த அக்கா," என்றார். "அப்புறம் என்ன ஆனா?"

அவள் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்ட முதல் கேள்வி அது.

"தெரியாது," என்றாள். "மூணாம் பாகத்தைத்தான் குடுத்தாச்சே."

அவள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.